நரம்பா, நாணா, ஜவ்வா: தசை மண்டலச் சொற்களைத் தமிழில் எப்படி எழுதுவது?

மேலூர்த் தமிழாசிரியர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மேலூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழ் கற்பித்து வருகிறேன். என் தாயாருக்கு வயது 67. சென்ற மாதம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி மேடையில் வைக்கும்போது வலது தோளில் சுருக்கென்று வலித்தது. அன்றிரவே கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. மதுரையில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஸ்கேன் எடுத்தோம். அறிக்கையில் ‘சுப்ராஸ்பினேட்டஸ் டெண்டன், பார்ஷியல் டியர்’ என்று இருந்தது. அறிக்கையைக் கையில் கொடுத்த ஊழியர், "தோள்பட்டை நரம்பு அறுந்திருக்கும்மா" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அந்த ஒரு வரி எங்கள் வீட்டை நான்கு நாள் ஆட்டி வைத்தது. நரம்பு அறுந்தால் கை விளங்காது என்பதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. என் பெரியப்பா பக்கவாதத்தில் இரண்டு ஆண்டு படுக்கையில் கிடந்ததை அருகிலிருந்து பார்த்தவர் அவர். வலது கையால் உண்பதையே நிறுத்திவிட்டார். பிறகு ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அவர் விரல்களை மடக்கச் சொல்லி, தொட்டுப் பார்த்து, "நரம்புக்கு ஒன்றுமே இல்லை, இது தசையை எலும்போடு கட்டும் கயிற்றில் ஏற்பட்ட கிழிசல்" என்று விளக்கிய பிறகுதான் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஆகவே அவருக்காக ஒரு பக்கத்தில் எளிய விளக்கம் எழுதித் தரலாம் என்று இணையத்தில் சொற்களைத் தேடினேன். ஒரு பக்கத்தில் டெண்டனுக்குத் தசைநார் என்று இருக்கிறது. இன்னொரு பக்கத்தில் லிகமெண்டுக்கு அதே தசைநார். மூன்றாவது பக்கத்தில் தசைக்குள் இருக்கும் நுண்ணிய இழைக்கும் தசைநார். முப்பது ஆண்டு தமிழ் சொல்லிக் கொடுத்த நானே திகைத்துப்போனேன். எந்தச் சொல் எதற்கு உரியது, ஏன் இந்தக் குழப்பம், என் தாயாருக்கு எதை எழுதித் தருவது என்று இத்துறையில் இருப்பவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


அரசரடி இயன்முறையாளர்

ஐயா, உங்கள் தாயார் பட்ட அச்சத்தை என் மேசைக்கு எதிரே வாரம் தவறாமல் பார்க்கிறேன். மதுரையில் இயன்முறை மருத்துவம் செய்யத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. உண்மையில் ஐந்து பொருள்கள் இருக்கின்றன. நம் பேச்சில் தசை நீங்கலாக மற்ற நான்குக்கும் இரண்டு சொற்களே புழங்குகின்றன.

சுருங்கி இழுக்கும் ஆற்றல் உடையது தசை. அந்தத் தசையின் முனை வெளுத்து, உறுதியான கயிறாகி எலும்பைப் பற்றும் பகுதி டெண்டன். குதிகாலுக்குப் பின்னால் விரலால் பிடித்துப் பார்த்தால் தெறித்து நிற்கும் கயிறு அதுவே. ஓர் எலும்பை அடுத்த எலும்போடு மூட்டில் பிணைத்து வைப்பது லிகமெண்ட். அதற்குத் தசையோடு நேரடித் தொடர்பு கிடையாது. எலும்பின் முனையில் வழுவழுப்பாகப் படர்ந்திருப்பது குருத்தெலும்பு. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் கட்டளையைக் கொண்டுபோவதும் தொடுவுணர்வைத் திருப்பிக் கொண்டுவருவதும் நரம்பு.

இவற்றில் டெண்டனையும் நரம்பையும் சேர்த்து மக்கள் ‘நரம்பு’ என்கிறார்கள். லிகமெண்ட், குருத்தெலும்பு, முழங்காலுக்குள் இருக்கும் பிறைவடிவ மெத்தை, முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டு ஆகிய அனைத்தும் ‘ஜவ்வு’. "ஜவ்வு கிழிஞ்சிருச்சு" என்று ஒருவர் வந்தால், பந்தாடும்போது முழங்கால் பிணைப்பு அறுந்த இருபது வயது இளைஞராகவும் இருக்கலாம்; வட்டு பிதுங்கிய ஐம்பது வயது சுமைதூக்குபவராகவும் இருக்கலாம். பழைய அறிக்கையைப் பார்க்காமல் அவர் உடம்பில் கைவைக்க எனக்கு மனம் வருவதில்லை. ஒருவருக்கு நன்மை செய்யும் பயிற்சி மற்றவருக்குத் தீங்காகிவிடும்.

சுளுக்கு என்ற சொல்லும் அப்படித்தான். கணுக்கால் பிறழ்ந்து லிகமெண்ட் நைந்தாலும் சுளுக்கு, ஓடும்போது தொடைத்தசை இழுபட்டுக் கிழிந்தாலும் சுளுக்கு. ஆங்கிலத்தில் முன்னதை ஸ்பிரெயின் என்றும் பின்னதை ஸ்டிரெயின் என்றும் பிரிக்கிறார்கள். நான் மூட்டுச் சுளுக்கு, தசைச் சுளுக்கு என்று முன்னொட்டுப் போட்டே எழுதுகிறேன். புதிய சொல் தேடாமலே வேலை முடிந்துவிடுகிறது.

டெண்டனுக்கு நாண் அல்லது தசைநாண் என்றும், லிகமெண்டுக்கு எலும்புப் பிணை என்றும் எழுதுவது என் வழக்கம். தசைநார் என்ற சொல்லை நான் கைவிட்டுவிட்டேன். மஸ்குலர் டிஸ்ட்ரோபி என்னும் பரம்பரை நோயையும் ‘தசைநார்ச் சிதைவு’ என்று எழுதுகிறார்கள். லிகமெண்ட் கிழிவையும் ‘தசைநார்க் கிழிவு’ என்று எழுதுகிறார்கள். இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கிறது.


தல்லாகுளம் சொல்லாய்வு

இயன்முறையாளர் சொன்ன பிரிவினை தெளிவாக இருக்கிறது. ஆனால் ‘நரம்பு’ என்று சொன்ன அந்த ஊழியரையும் நம் ஊர் மக்களையும் அறியாதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பழந்தமிழில் நரம்பு என்பது முதன்மையாக யாழின் தந்தி. இழுத்துக் கட்டினால் விறைத்து நிற்கும் எதுவும் நரம்பு. குதிகால் கயிறும் அப்படி நிற்கிறது, கையில் புடைக்கும் இரத்தக் குழாயும் அப்படித் தெரிகிறது. அதனால்தான் சிரையில் போடும் ஊசி இன்றும் ‘நரம்பு ஊசி’; காலில் சிரை புடைத்து நெளிவது ‘நரம்புச் சுருட்டு’. கண்ணுக்கும் கைக்கும் தட்டுப்படுவதை வைத்து இட்ட பெயர் இது. உள்ளே மின்குறிப்பு ஓடுகிறதா, இரத்தம் ஓடுகிறதா, வெறும் இழுவிசை ஓடுகிறதா என்பது அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கிரேக்கர்களும் இதே இடத்தில் நின்றவர்கள்தாம். ‘நியூரான்’ என்ற கிரேக்கச் சொல் முதலில் குறித்தது கயிறு, நாண், வில்லின் நாண் ஆகியவற்றையே. உடலை அறுத்துப் பார்த்தவர்கள் உணர்வைக் கடத்தும் இழையைத் தனியாகக் கண்ட பிறகு அச்சொல் அதற்கு உரியதாகச் சுருங்கியது. பழைய பொருள் முழுவதும் அழிந்துவிடவில்லை: தகடுபோல் விரிந்த தசைநாணுக்கு இன்றைக்கும் ‘அபோநியூரோசிஸ்’ என்றுதான் பெயர். அதில் வரும் ‘நியூரோ’ நரம்பைக் குறிப்பதில்லை, நாணைக் குறிக்கிறது. மருத்துவ மாணவர்கள் பலர் இதில் ஒருமுறையாவது தடுக்கியிருப்பார்கள்.

ஆகவே கிரேக்கம் செய்ததை நாமும் செய்யலாம். கட்டளை கடத்துவதற்கு நரம்பு என்பதை ஒதுக்கிவிட்டு, இழுக்கும் கயிற்றுக்கு நாண் என்பதைக் கொடுப்போம். வில்லில் பூட்டுவது நாண். வில்லை வளைக்கும் விசை அதன் வழியேதான் போகிறது. தசையின் விசையை எலும்புக்குக் கொண்டுபோகும் உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தென்படவில்லை. அரைநாண் கயிறு என்று நம் வீடுகளில் இன்றும் வழங்குவதால் உங்கள் தாயாருக்கும் அந்நியமாக இருக்காது.


கோரிப்பாளையம் மருத்துவ மாணவி

மேலூர் ஐயா, அறிக்கையில் இருந்த பெயரையே முதலில் பிரித்துக் காட்டுகிறேன். ‘சுப்ரா’ என்றால் மேலே. ‘ஸ்பைனா’ என்றால் இலத்தீனில் முள். இந்த முள் முதுகெலும்பு அன்று. தோள்பட்டை எலும்பின் பின்புறத்தில் குறுக்காக ஓடும் மேடு. உங்கள் எதிர்த் தோளின் பின்பக்கத்தைக் கையால் தடவினால் அந்த மேடு தட்டுப்படும். மேட்டுக்கு மேலே உள்ள பள்ளத்தில் கிடக்கும் தசை சுப்ராஸ்பினேட்டஸ், கீழே கிடப்பது இன்ஃப்ராஸ்பினேட்டஸ். ஒரு தமிழ்க் குறிப்பில் முன்னதை ‘முதுகெலும்பு மேல்தசை’ என்று பெயர்த்திருந்ததைப் பார்த்து வருந்தினேன். அதைப் படித்த நோயாளி தமக்கு முதுகில் நோய் என்றே எண்ணுவார். ‘தோள்முள் மேல்தசை’ என்று எழுதினால் பிழை நேராது.

இவ்விரண்டோடு டீரெஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ் என்ற இரண்டும் சேர்ந்து நான்கு தசைகளின் நாண்கள் மேற்கையெலும்பின் தலையைச் சுற்றிப் பிடித்து, தோள்மூட்டை அதன் குழியிலிருந்து விலகாமல் காக்கின்றன. தோளின் குழி மிகவும் ஆழமற்றது. எல்லாத் திசையிலும் கை சுழல்வதற்கு நாம் கொடுக்கும் விலை அந்த ஆழமின்மை. அதை ஈடுசெய்வது இந்த நான்கு நாண்கள்தாம். வயது ஏற ஏற, மேலே இருக்கும் நாண் நைந்து கிழிவது மிகவும் பொதுவானது. உங்கள் தாயாருக்கு நேர்ந்தது அரிய நோய் அன்று.

முதலாண்டில் நூற்றுக்கணக்கான தசைப் பெயர்களைப் பொருள் தெரியாமல் உருப்போட்டேன். மனித உடலில் எலும்போடு சேர்ந்த தசைகள் மட்டும் அறுநூறுக்கு மேல். உடல் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு அவைதாம். பெயர்களின் பொருளைத் தமிழில் எழுதிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தசைகள் கண்ணுக்குத் தெரிந்தன. டெல்டாய்டு என்பது கிரேக்க எழுத்தான டெல்டாவின் முக்கோண வடிவம். தடுப்பூசி போடும் மேற்கைத் தசை. பைசெப்ஸ் என்றால் இரு தலை, டிரைசெப்ஸ் முத்தலை, குவாட்ரிசெப்ஸ் நாற்றலை. தலை என்பது தசை தொடங்கும் முனை. பைசெப்ஸ் கையிலும் உண்டு, தொடையின் பின்புறத்திலும் உண்டு; ஆகவே கை இருதலைத்தசை, தொடை இருதலைத்தசை என்று இடமும் சேர்ந்தால்தான் பெயர் நிறைவடையும். லம்ப்ரிக்கல் என்பது மண்புழு. உள்ளங்கையில் விரல் நாண்களோடு ஒட்டிக் கிடக்கும் நான்கு மெல்லிய தசைகளைப் பார்த்தவர் அப்படித்தான் பெயரிடுவார். கன்னத்துத் தசையான பக்சினேட்டர் இலத்தீனில் கொம்பு ஊதுபவர். நாகசுரக் கலைஞரின் கன்னத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதை ‘ஊதுதசை’ என்று சொல்ல ஒரு தயக்கமும் வேண்டியதில்லை. காதுக்குள் அங்கவடி எலும்பை இழுத்துப் பிடிக்கும் தசையோ உடலிலேயே மிகச் சிறிய எலும்புத்தசை, சுமார் 6 மி.மீ. நீளம், அங்கவடி என்ற சொல் பள்ளிப் பாடத்திலேயே இருப்பதால் ‘அங்கவடித்தசை’ என்றதும் விளங்கிவிடும்.

அசைவுகளைக் குறிக்கும் சொற்களில் தமிழ் ஆங்கிலத்தைவிடத் தெளிவாக இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அப்டக்ஷன் என்றால் உடலின் நடுக்கோட்டிலிருந்து விலக்குதல், அடக்ஷன் என்றால் நடுக்கோட்டை நோக்கி அணைத்தல். ஒலியில் ஒரே ஓர் எழுத்து வேறுபாடு. அறுவை அரங்கில் தவறிவிடக் கூடாது என்று முதல் எழுத்துகளைத் தனித்தனியாக உச்சரிக்கிறார்கள். விலக்கல், அணைத்தல் என்றால் யார் காதிலும் மாறி விழாது. முன்கையைத் திருப்பி உள்ளங்கையை மேல்நோக்க வைப்பது சுப்பினேஷன், கீழ்நோக்க வைப்பது ப்ரொனேஷன். இவற்றை நான் ‘ஏந்தல்’, ‘கவிழ்த்தல்’ என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். திருநீறு வாங்கக் கையை நீட்டினால் ஏந்தல். ஒருமுறை அப்படி எழுதிய பிறகு எனக்கு அது மறந்ததே இல்லை.

ஆனால் ‘இன்சர்ஷன்’ என்பதைச் ‘செருகல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை ஏற்க இயலவில்லை. அங்கே எதுவும் எதற்குள்ளும் செருகப்படவில்லை. நாண் எலும்பைப் பற்றுகிறது. தொடங்கிடம், பற்றிடம் என்பவை போதும்.


புதுமண்டபத் தையற்காரர் மகன்

எனக்கு மருத்துவம் தெரியாது. உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்றுநராக இருக்கிறேன். மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் என் அப்பா நெடுங்காலம் தையல் இயந்திரம் மிதித்தவர். பயிற்சி வகுப்பில் ‘சார்ட்டோரியஸ்’ என்றால் தையற்காரர் தசை என்று சொன்னார்கள். அப்பாவிடம் சொன்னேன், அவர் தம் காலைப் பார்த்துக்கொண்டே, "மிதிக்கிறதுக்குக் கெண்டைக்கால்தானே வேலை செய்யுது, தொடையில என்ன இருக்கு?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.


கோரிப்பாளையம் மருத்துவ மாணவி

தம்பி, அப்பா கேட்டது மிகச் சரியான கேள்வி. ‘சார்ட்டர்’ என்றால் இலத்தீனில் தையற்காரர். ஐரோப்பாவில் அந்நாளில் தையற்காரர்கள் மேசைமேல் காலை மடக்கி உட்கார்ந்து கையால் தைப்பார்கள். அந்த இருக்கைக்கு இந்தத் தசை உதவுவதால் அப்பெயர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். இடுப்பெலும்பின் முன்முனையில் தொடங்கி, தொடையைக் குறுக்காகக் கடந்து, முழங்காலுக்கு உட்பக்கத்தில் கீழ்க்காலெலும்பைப் பற்றுகிறது. உடலிலேயே மிக நீளமான தசை இது. தொடையை மடக்குவது, வெளிப்பக்கம் விலக்குவது, வெளிப்புறமாகத் திருப்புவது, முழங்காலை மடக்குவது ஆகிய நான்கையும் ஒருசேரச் செய்தால் என்ன ஆகும் என்று இருந்த இடத்திலேயே செய்து பாருங்கள். சம்மணம் போட்டிருப்பீர்கள்.

அப்பா மிதிக்கும் இயந்திரத்துக்கும் அந்தத் தசைக்கும் தொடர்பில்லை. எனவே ‘தையற்தசை’ என்று பெயர்த்தால் மதுரைத் தையற்காரருக்கே அது பொய்யாகிவிடுகிறது. ‘சம்மணத்தசை’ என்றால் பந்தியில் உட்கார்ந்து உண்ட எவருக்கும் புரியும். மூலச்சொல்லின் எழுத்தை விட்டுவிட்டு அதன் கருத்தைப் பிடிப்பது என்று நான் எண்ணுவது இதைத்தான்.


தல்லாகுளம் சொல்லாய்வு

சம்மணத்தசை என்ற சொல்லை நான் மனமார வரவேற்கிறேன். தையற்காரரின் வாயில் வந்த கெண்டைக்காலையும் விட்டுவிட வேண்டாம். கெண்டை என்பது மீன். நடுவே பருத்து இரு முனையும் கூம்பிய அந்த வடிவத்தைக் காலின் பின்புறத்தில் கண்டவர்கள் கெண்டைச்சதை என்றார்கள். நடக்கும்போது அது ஏறி இறங்குவதைக் கண்டவர்கள் ஆடுசதை என்றார்கள். கிரேக்கர் அதே தசையை ‘காஸ்ட்ராக்னீமியஸ்’, அதாவது காலின் வயிறு என்றார்கள். அதற்கு அடியில் தட்டையாகக் கிடக்கும் ‘சோலியஸ்’ தசைக்கோ இலத்தீனில் செருப்புக்கும் தட்டைமீனுக்கும் பொதுவான சொல்லிலிருந்து பெயர் வந்தது. ஆக, ஒரே காலில் நாம் மேல்தசையில் மீனைக் கண்டோம், அவர்கள் அடித்தசையில் கண்டார்கள். தசை என்பதைக் குறிக்கும் ‘மஸ்குலஸ்’ என்பதே இலத்தீனில் சுண்டெலி. தோலுக்கு அடியில் ஓடும் எலியாகத் தசை தெரிந்திருக்கிறது. மயோ என்று தொடங்கும் மயால்ஜியா (தசைவலி), மயோசைட்டிஸ் (தசை அழற்சி), மயோகார்டியம் (இதயத்தசை) அனைத்தும் எலியையும் தசையையும் ஒருங்கே குறித்த கிரேக்கச் சொல்லின் வழிவந்தவை.

இவ்வளவு சிறப்பாகப் பெயரிட்ட மக்கள் மொழியிலிருந்து சொல்லெடுக்காமல், அகராதியை வைத்துக்கொண்டு அசையசையாகப் பெயர்ப்பது வருத்தம் தருகிறது.


உசிலம்பட்டிச் செவிலி

ஐயா, சகோதரி, உங்கள் உரையாடலை விடாமல் படித்து வருகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செவிலியாகப் பணிபுரிகிறேன். பெயர் அழகாக இருப்பது நல்லதுதான். ஆனால் தவறான சொல்லால் காலம் கடந்துபோவதைக் கண்ணால் கண்டவள் என்ற முறையில் மூன்று சொற்களைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

முதலாவது, சுருக்கம். தசை வேலை செய்வதே சுருங்கி விரிந்துதான், அது நலம். கை கால் நெடுநாள் மடங்கியே இருந்து, தசையும் நாணும் குறுகி, நிமிர்த்த முடியாமல் இறுகிப்போவதையும் ‘தசைச் சுருக்கம்’ என்று எழுதுகிறோம். அது காண்ட்ராக்சர் என்னும் ஊனம். படுத்த படுக்கையில் தசை வற்றி மெலிவதையும் உறவினர்கள் "சதை சுருங்கிப்போச்சு" என்கிறார்கள்; அது அட்ரோபி. நலம், ஊனம், மெலிவு மூன்றுக்கும் ஒரே சொல் என்றால் பராமரிப்பவர் என்ன செய்வார்? பக்கவாதம் வந்த ஒருவரின் மனைவியிடம், தசை சுருங்காமல் இருக்கத் தினமும் கையை நீட்டிவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் அதைச் சதை வற்றாமல் இருப்பதற்கான அறிவுரை என்று எடுத்துக்கொண்டு, முட்டையும் பாலும் கூடுதலாகக் கொடுத்தார், கையை நீட்டிவிடவில்லை. மூன்று மாதத்தில் முழங்கை மடங்கி இறுகிவிட்டது. அந்த அம்மாவின் அன்பில் குறையே இல்லை; எழுதிக் கொடுத்த சொல்லில்தான் குறை. அன்றிலிருந்து நான் ‘தசை இயக்கம்’, ‘மடங்கி இறுகுதல்’, ‘தசை மெலிவு’ என்று மூன்று தனிச்சொற்களைத்தான் பயன்படுத்துகிறேன்.

இரண்டாவது, சிதைவு. டூஷேன் என்னும் வகைத் தசைச் சிதைவு நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வருவது. மூன்று, நான்கு வயதில் பிள்ளை அடிக்கடி விழுவான், படியேறத் திணறுவான், தரையிலிருந்து எழும்போது தன் முழங்காலிலும் தொடையிலும் கையை ஊன்றி, தன் உடம்பின்மீதே ஏறுவதுபோல் எழுவான். ஆனால் அவனுடைய கெண்டைக்கால் மட்டும் திரண்டு பருத்திருக்கும். தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நாரிழையும் சேர்வதால் வரும் பொய்ப்பருமன் அது. "காலைப் பாருங்க, எப்படித் திரண்டிருக்கு, இவனுக்கா சிதைவு?" என்று ஒரு தந்தை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஓராண்டு கழித்துத்தான் திரும்பி வந்தார். சிதைவு என்ற சொல் மெலிவைத்தான் கண்முன் நிறுத்துகிறது. இந்நோய்க்கு எந்தப் பெயர் வைத்தாலும், ‘தசை பருத்தும் தோன்றலாம், வலு மட்டும் குறைந்துகொண்டே போகும்’ என்ற வரியைப் பெயரோடு சேர்த்தே சொல்ல வேண்டும் என்று எல்லா மருத்துவப் பணியாளரையும் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது, நரம்புத் தளர்ச்சி. மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற நோயில், நரம்பின் கட்டளையை வாங்கிக்கொள்ளும் தசையின் பக்கத்து ஏற்பிகளை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்குகிறது. காலையில் நன்றாக இருக்கும் இமை மாலையில் தொங்கிவிடும். உணவை மென்றுகொண்டிருக்கும்போதே தாடை ஓய்ந்துவிடும். இதை ‘நரம்புத் தசைத் தளர்ச்சி’ என்று ஒரு பெண்ணிடம் சொன்னபோது அவர் முகம் வெளிறிவிட்டது. சுவர்தோறும் எழுதியிருக்கும் விளம்பரங்களால் அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் வேறொரு பொருள் ஏறிவிட்டது. உடன் வந்த மாமியாரிடம் என்ன நோய் என்று சொல்லவே அவர் கூசினார். ‘தசைச் சோர்வு நோய்’ என்றால் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை. ஓய்வெடுத்தால் வலு திரும்புகிறது என்ற உண்மையும் சோர்வு என்ற சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.


அரசரடி இயன்முறையாளர்

சகோதரி எழுதியதைப் படித்தபின் என் சிகிச்சைக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். எட்டு இடங்களில் ‘சுருக்கம்’ என்று எழுதியிருக்கிறேன். இன்றே திருத்துகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. கனமான பையைக் கையில் பிடித்தபடி அசையாமல் நிற்கும்போது தசையின் நீளம் குறைவதில்லை. அதே பையை மெல்லக் கீழே இறக்கும்போது தசை நீண்டுகொண்டே வேலை செய்கிறது. இவ்விரண்டையும் ஆங்கிலத்தில் காண்ட்ராக்ஷன் என்றே வழங்கினாலும், தமிழில் ‘நீளும் சுருக்கம்’ என்று எழுதினால் படிப்பவர் எழுதியவரைத்தான் ஐயுறுவார். தசை இயக்கம் என்பது இங்கும் பொருந்துகிறது.

வாதம் என்ற சொல்லையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். பக்கவாதம் மூளையில் நிகழ்வது, முடக்குவாதம் மூட்டுகளைத் தாக்கும் நோய், முகவாதம் முகநரம்பின் செயலிழப்பு, இளம்பிள்ளை வாதம் தண்டுவடத்தைத் தாக்கிய கிருமியால் வந்தது. சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என்ற முறைமைக்குள் இவற்றை ஒரே குடும்பமாக வைத்ததற்கு அதற்கே உரிய காரணம் உண்டு. அந்த முறைமைக்கு வெளியே எடுத்துவந்து எழுதும்போது எந்த உறுப்பு என்பதைச் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும்.


மேலூர்த் தமிழாசிரியர்

உங்கள் அனைவரின் பதிவுகளையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. இவ்வளவு நல்ல சொற்கள் நம்மிடம் இருக்க, ‘சுப்ராஸ்பினேட்டஸ்’ போன்ற பெயர்களை அம்மாவுக்கான தாளிலிருந்து அறவே நீக்கிவிடலாமா? தமிழாசிரியன் என்ற முறையில் என் மனம் அதைத்தான் விரும்புகிறது.


கோரிப்பாளையம் மருத்துவ மாணவி

நீக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன், ஐயா. 1895-இல் பாசல் நகரில் உடற்கூற்றியலாளர்கள் ஒன்றுகூடிப் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஏற்கும் வரையில், ஐரோப்பாவிலேயே ஒரே உறுப்புக்கு நாட்டுக்கு நாடு, நூலுக்கு நூல் வெவ்வேறு பெயர்கள் இருந்தன. ஒரு நோயாளியின் தாளை எந்த ஊர் மருத்துவர் படித்தாலும் அதே தசையைத்தான் நினைக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு பொதுப்பெயர் தேவைப்படுகிறது. நாளை உங்கள் தாயார் வேறொரு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால், ‘தோள்முள் மேல்தசை’ என்று நாம் இங்கே உருவாக்கிய சொல் அவருக்குத் தெரிந்திருக்காது. தமிழ்ப்பெயர் அம்மாவுக்கு, இலத்தீன்பெயர் மருத்துவருக்கு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.


தல்லாகுளம் சொல்லாய்வு

சகோதரியின் கருத்தை நானும் ஏற்கிறேன். என்றாலும் ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உடற்கூற்றியலுக்கு ‘அங்காதிபாதம்’ என்ற சொல்லை வழங்கினார். அவர் காலத்தில் தமிழ் வழியே படித்தவர்கள் மருத்துவர்களாகி ஊர்களில் பணியாற்றினார்கள். அவர் 1873-இல் நாடு திரும்பிய பிறகு அந்தப் பயிற்று முறை நிலைக்கவில்லை. சொற்களும் வகுப்பறையோடு போய்விட்டன. ஆகவே சொல்லை ஆக்குவதைவிட, மருந்துச்சீட்டிலும் வெளியேற்றச் சீட்டிலும் அதை நாள்தோறும் எழுதுவதுதான் கடினமான வேலை. உசிலம்பட்டிச் சகோதரியும் அரசரடி ஐயாவும் அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.


மேலூர்த் தமிழாசிரியர்

ஏற்றுக்கொள்கிறேன். அம்மாவுக்காக நேற்றிரவு எழுதிய தாளை அப்படியே கீழே தருகிறேன். பிழையிருந்தால் திருத்துங்கள்.

"அம்மா, உன் வலது தோளின் பின்பக்க மேட்டுக்கு மேலே ஒரு தசை இருக்கிறது. அதன் பெயர் தோள்முள் மேல்தசை. மருத்துவர்கள் சுப்ராஸ்பினேட்டஸ் என்பார்கள். அந்தத் தசையைக் கையெலும்போடு கட்டியிருக்கும் கயிற்றுக்கு நாண் என்று பெயர். அந்த நாண் பாதி கிழிந்திருக்கிறது. நரம்பு வேறு, நாண் வேறு. உன் நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் விரல்கள் மரத்துப் போகவில்லை, சோறு பிசைய முடிகிறது. கையைப் பக்கவாட்டில் விலக்கித் தூக்கும்போதுதான் வலிக்கும். குடம் தூக்காதே. ஆனால் கையை மடியிலேயே வைத்துக்கொண்டும் இருக்காதே. சொல்லிக் கொடுத்த பயிற்சியைத் தினமும் செய்யாவிட்டால் தோள் இறுகிவிடும்."


அரசரடி இயன்முறையாளர்

ஐயா, ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள். ‘பாதி’ வேண்டாம். அறிக்கையில் இருப்பது ‘பார்ஷியல்’. எவ்வளவு என்று அதில் அளவு சொல்லப்படவில்லை. பாதி என்று படித்தால், மீதிப் பாதியும் எப்போது அறுமோ என்று அம்மா காத்துக்கொண்டிருப்பார். ‘நாணின் ஒரு பகுதி கிழிந்திருக்கிறது’ என்று எழுதுங்கள்.


மேலூர்த் தமிழாசிரியர்

மாற்றிவிட்டேன். இன்று காலை அம்மா அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்ததும் இடது கையால் வலது தோளின் பின்பக்கத்தைத் தடவி, மேடு எங்கே இருக்கிறது என்று தேடினார்.